பின்சீல் பார்க்கிற சொட்டக்கா

எங்க பட்டறையில ரெண்டே பொம்பளைங்க. வண்டிக்கு அடியில படுத்திருக்கிறவ என் நாத்தனார், என் வீட்டுக்காரரோட தங்கச்சி. வண்டிக்கு உள்ள உக்காந்து திரைச்சீலை, மெத்தை உறை தைக்கிறவ நான். வர்றது எல்லாமே பழைய வீட்டு வண்டிங்க. பெரிய வேன்தான், ஆனா உள்ள கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவுற தொட்டி, துணி அலமாரின்னு ஒரு குடித்தனமே இருக்கும். வயசான வண்டிக்கு வர்ற சீக்கு ஒன்னுதான். எண்ணெய் ஒழுகும்.

தொழில்ல இருக்கிறவங்க என் நாத்தனாரைச் 'சொட்டக்கா'ன்னு சொல்லுவாங்க. தலையில முடி இல்லாதவன்னு நினைச்சுடாதீங்க, பின்னல் இடுப்பைத் தாண்டும். சொட்டு எங்கிருந்து விழுதுன்னு கண்டுபிடிக்கிறவ, அதான் அந்தப் பேரு. அவ முகத்துக்கு நேரா யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. நான் கூப்பிடுவேன், எனக்கென்ன பயம்?

இன்ஜினுக்குள்ள சுத்துற பெரிய தண்டோட பின்முனை வெளிய வர்ற இடத்துல, எண்ணெய் கூடவே வந்துடாம இருக்க ஒரு வளையம் இருக்கும். அதுதான் பின்சீல். உள்ளங்கையில அடங்குற சாமான். அதை மாத்த பாதி வண்டியைக் கழட்டணும். அதனால கடைக்காரன் நீட்டினதை வாங்கி மாட்டுற பேச்சே அவகிட்ட கிடையாது. முதல்ல தண்டைத் துடைச்சு நகத்தால இழுத்துப் பாப்பா. நகம் தட்டினா பழைய சீல் அரிச்ச பள்ளம் இருக்குன்னு அர்த்தம், புதுசை ஒரு நூல் தள்ளி உக்கார வைப்பா. அப்புறம் டார்ச் அடிச்சு, தண்டுல சாய்வா பொடிக்கோடு இருக்கான்னு பாப்பா. அந்தக் காலத்து இன்ஜின் சிலதுல எண்ணெயை உள்பக்கமாவே தள்ளிவிட வேணும்னே அப்படிக் கீறியிருப்பாங்க. கோடு இருந்தா கயிறு சீல், அதாவது ரப்பருக்குப் பதிலா தடிமனான கயிறையே வளையமா வைக்கிறது. அங்க ரப்பர் போட்டா கோடு அரம் மாதிரி அதைத் தின்னுடும். தண்டு வழவழன்னு இருந்தா ரப்பர் போடலாம், அதுலயும் சூடு தாங்குற பழுப்பு ரப்பர்தான். கயிறுன்னா எண்ணெய்யில ஊறணும், நல்லா இடிச்சு உக்காரணும், முனை துருத்தக் கூடாது. இத்தனையும் பண்ணிட்டு வண்டிக்கு அடியில வெள்ளைத் துணியை விரிச்சு, இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்துலயே குத்துக்கால் போட்டு உக்காந்துடுவா. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டா.

அந்த நேரத்துல யார்கிட்டயோ பேசிகிட்டு இருப்பா. வாடிக்கையாளருங்க ஏதோ கணக்குப் போடுறான்னு நினைச்சுக்குவாங்க. எனக்குத் தெரியும் அது யாருன்னு.

"யாரோடடி பேசுற?"ன்னு ஒரு தடவை குனிஞ்சு கேட்டேன்.

"அண்ணன்கிட்டதான் அண்ணி. காலை நீட்டிப் படுத்திருக்கான். நகருடான்னா நகர மாட்டேங்கிறான்."

அவ அண்ணன்னா என் வீட்டுக்காரர். செத்துப் பல வருஷமாச்சு.

எப்படின்னு சொல்லிடறேன், சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. எங்ககிட்டயும் ஒரு வீட்டு வண்டி இருந்துச்சு, பச்சைப் பட்டை போட்டது. அந்த மாதிரியில இன்ஜின் வண்டிக்கு நடுவுலயே இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி மூடி மாதிரி. பின்சீல் லேசா கசிஞ்சது. தங்கச்சிகாரி மாத்திக் குடுத்தா. அந்தத் தண்டுல பொடிக்கோடு இருந்திருக்கு. அப்ப அவளுக்கு அதோட அர்த்தம் தெரியாது. கயிறெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், ரப்பர்தான் உசத்தின்னு கடையில சொன்னான், இவளும் ரப்பரே போட்டா. மறுநாளே அவர் என்னை எங்கம்மா வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டு, தனியாத் திரும்பினார். மலை ஏத்தத்துல பின்பக்கம் எண்ணெய் கொட்டி, கொதிக்கிற சைலன்சர் குழாய் மேல விழுந்திருக்கு. புகையைப் பாத்து வண்டியை நிறுத்தினவர் இறங்கி ஓடாம, என்னன்னு பாக்க உள்ள இருக்கிற மூடியைத் தொறந்திருக்கார். அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்ல என்னால ஆகாது.

அந்தக் கோட்டு சமாச்சாரத்தை, காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு வேற ஒரு மெக்கானிக் பேச்சுவாக்குல சொன்னான். அன்னைக்குப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்தவதான். ரப்பரைப் போட்டு அண்ணனைக் கொன்னுட்டேன்னு ஒரே பிடி. "போடி பைத்தியக்காரி, உன் மேல தப்பில்ல"ன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். தாலியைப் பறிகொடுத்தவ நானே சொல்றேன், கேக்கணுமா இல்லையா? கிணத்துல போட்ட கல்லு. கல்யாணப் பேச்சு எடுத்தவங்களை எல்லாம் விரட்டி விட்டா. இன்ஜின் வேலை மொத்தத்தையும் விட்டுட்டு, வீட்டு வண்டிக்குப் பின்சீல் மட்டும்தான் பாப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா. அதுவே பொழப்பாச்சு. தூரத்து ஊர்லேர்ந்தெல்லாம் தேடி வந்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, அவ கைபட்ட வண்டி எதுவும் ஒழுகினதில்ல.

ஆனா பட்டறையில எங்கயாவது குழாய் சொட்டினா, அவளுக்கு முகம் வெளுத்துடும். தரையில ஒரு மூலையில எங்க வண்டி நின்ன இடத்துல பழைய எண்ணெய்க் கறை ஒன்னு இருக்கு. சிமெண்டு குடிச்ச எண்ணெய், வெயில் ஏறினா மேல வந்து மினுக்கும். இயற்கைதான். அவ அதுக்கு ஒத்துக்க மாட்டா. "அண்ணன் வந்திருக்கான்"ன்னு சொல்லுவா. வெயில் ஏறிட்டா அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உக்காரவே மாட்டா. நானும் வாய்க்கு வாய் பேசுவேனே தவிர, அந்தப் பக்கம் போறப்ப கொஞ்சம் வேகமாத்தான் நடப்பேன்.

இப்படி இருக்கிறப்பதான் அந்தப் புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. பெரியவர் ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு, இனி வண்டிதான் வீடுன்னு கிளம்பினவங்க. வண்டியைப் பாத்ததும் தையலை அப்படியே போட்டுட்டு எழுந்துட்டேன். அதே மாதிரி வண்டி. பச்சைப் பட்டை உட்பட. திரும்பி இவளைப் பாக்குறேன், அந்தப் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்கல.

"வேணாம்னு சொல்லிடுடி. வேற இடம் பாத்துக்கட்டும்"ன்னேன்.

"ஒழுகுது அண்ணி. சைலன்சர் மேல ஒழுகுது. எப்படி அனுப்புறது?"

நான் வண்டியை உள்ள விடச் சொல்லி வழி விட்டேன்.

கழட்டி இறக்கிப் பாத்தா. தண்டுல பொடிக்கோடு இருந்துச்சு. இந்தத் தடவை தப்பு பண்ணக் கூடாதுன்னு கயிறை ஊறப்போட்டு, இடிச்சு, முனையைப் பிளேடால நறுக்கி, குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி உக்கார வச்சா. பெரியவரும் அந்தம்மாவும் பட்டறை முற்றத்துல வண்டிக்குள்ளயே தங்கிட்டாங்க, போக வேற இடம் இல்லையே. வெள்ளைத் துணி விரிச்சா. இன்ஜின் ஓடினதும், கொஞ்ச நேரத்துல துணியில கறுப்பா ஒரு பொட்டு. அப்புறம் இன்னொன்னு.

கழட்டினா. வேற கயிறு போட்டா. அதுவும் ஒழுகுச்சு. தண்டை அளந்தா, பேரிங்கைப் பாத்தா, இணைப்புல பசை போதலையோன்னு அதையும் பாத்தா. தண்டைக் கழட்டிக் கடைசல் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய், கோட்டைத் தேய்ச்சு வழவழப்பாக்கி, பழுப்பு ரப்பரையே போட்டா. அதுவும் ஒழுகுச்சு. அவ போட்டு ஒரு சீல் ஒழுகி நான் பாத்ததே இல்ல.

அன்னைக்கு அவ வண்டிக்கு அடியிலேர்ந்து வெளிய வரல. எட்டிப் பாத்தா, துணி மேல கையை வச்சுகிட்டு, விழற சொட்டை உள்ளங்கையில ஏந்திகிட்டு இருக்கா.

"கயிறு போட்டாலும் ஒழுகுது, ரப்பர் போட்டாலும் ஒழுகுது. அண்ணன்தான் அண்ணி. நான் எதைப் போட்டாலும் தள்ளி விடுறான். என்னை விட மாட்டான்."

"வெளிய வாடி. வந்து ஒரு வாய் சாப்பிடு."

"நீங்க போங்க. நான் இங்கயே இவன்கூட இருந்துக்கிறேன்."

சொன்னது ரொம்ப அமைதியா. அழுதிருந்தா திட்டியிருப்பேன். புருஷன் போனதுக்கப்புறம் எனக்குன்னு மிச்சம் இருந்தது இவ ஒருத்திதான். இவளும் அந்த வண்டிக்கு அடியிலயே போயிடுவாளோன்னு அன்னைக்குத்தான் நிஜமா பயந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா, யாரைக் கூப்பிடலாம்னு ஒன்னும் புரியல. நாலு கெட்ட வார்த்தை வாய்க்குள்ள முனகிட்டு, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைப் பாக்கப் போனேன். வண்டிக்குள்ள ஏறி, அந்தம்மா கேட்டிருந்த மெத்தை உறைக்கு அளவெடுக்க உக்காந்தேன்.

ஏறினதும் ஒன்னு உறைச்சுது. இத்தனை பழைய வண்டி, நடுவுல இன்ஜின் ஓடுது, உள்ள எண்ணெய் வாசமே இல்ல.

"வாசமே இல்லையேம்மா"ன்னேன்.

அந்தம்மாவுக்கு ஒரே பெருமை. "முன்னாடி படுக்க முடியாது, மூக்கைத் துளைக்கும். அலமாரிக்குப் பின்னாடி ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டு புகை புகையா வந்துச்சு. எங்க வீட்டுக்காரர்தான் எனக்காக அதைப் புடுங்கிட்டு, ஓட்டையில துணியைச் சுருட்டி அடைச்சு, மேல டேப்பும் சுத்தி விட்டார். அதுலேர்ந்து நிம்மதி."

அந்தம்மா அலமாரியோட பின்பலகையை நகர்த்திக் காட்டினாங்க. இன்ஜின்லேர்ந்து வர்ற ஒரு குட்டிக் குழாயோட வாயில பழைய லுங்கித் துணி, இறுக்கமா. அதுக்கு நேர் எதிர்ல, கீழ தரைக்குப் போற இன்னொரு குழாய் வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல இணைப்பு இல்ல.

எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனா ஒரு மெக்கானிக் குடும்பத்துல வாக்கப்பட்டு, இத்தனை காலம் காதுல விழுந்தது வீண் போகுமா? இன்ஜினுக்கு மூச்சு விட ஒரு குழாய் உண்டு. சொட்டக்காவும் அதைப் பாக்காம இருக்கல. வண்டிக்கு அடியில அந்தக் குழாயோட வெளிமுனையில விரல் விட்டுப் பாத்துட்டு, சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டா. அது அலமாரி வழியா வர்றதும், நடுவுல அறுந்து கிடக்கிறதும் அவளுக்கு எப்படித் தெரியும்? அடிப்பக்கம் அவளோடது, உள்பக்கம் என்னோடதுன்னு நாங்க பிரிச்சு வச்சிருந்தது அப்படி. வேற எந்த வண்டியா இருந்தாலும், எண்ணெய் ஊத்துற மூடியைத் தொறந்து காத்து அடிக்குதான்னு கையை வச்சுப் பாத்திருப்பா. இந்த வண்டியில அவ கண்ணு சீலைத் தாண்டி எங்கயும் போகல.

"ஏய் சொட்டக்கா! மேல வாடி இப்ப!"ன்னு நான் போட்ட சத்தத்துல பெரியவர் கையில இருந்த டீயைக் கொட்டிகிட்டார்.

வந்தா. பாத்தா. துணியைப் புடுங்கினா. புஸ்ஸுன்னு ஒரு காத்து. எண்ணெய் நாத்தம் குப்புன்னு உள்ள அடிச்சுது. இன்ஜின் சத்தமே கொஞ்சம் மாறுச்சு. அவ கீழ இறங்கிப் போய், புதுத் துணியை விரிச்சு உக்காந்தா. நானும் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். விழுந்துகிட்டு இருந்த சொட்டு மெதுவாச்சு, அப்புறம் நின்னே போச்சு. ரொம்ப நேரம் பாத்தோம். துணி வெள்ளையாவே இருந்துச்சு.

"மூச்சுக்குழாய அடைச்சா உள்ள காத்து நெருக்கும். எந்த சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளிடும்"ன்னா, தனக்குத்தானே. "ஏத்தத்துல இன்னும் வேகமாத் தள்ளும். கோடு ரப்பரைத் தின்னுறதுக்கு மாசக்கணக்காகும். நான் மாத்தின மறுநாள்..."

நிறுத்திட்டா. என் பக்கம் திரும்பினா. அந்த முகத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"அண்ணி. கடைசியா அண்ணன் உங்களை உங்கம்மா வீட்டுல விடக் கூட்டிட்டுப் போனானே, அப்ப வண்டிக்குள்ள எண்ணெய் வாசம் அடிச்சுதா?"

அய்யோ, கேட்டுட்டாளே.

எனக்கு அந்த நாத்தம் ஆகவே ஆகாது. கட்டில்ல படுத்தா மண்டை பிளக்கும். மெக்கானிக் குடும்பத்துக்கு வந்த மருமகளுக்கு எண்ணெய் வாசம் தலைவலின்னா ஊரே சிரிக்கும்னு யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. அவர்கிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்லுவேன்னா என்ன, நச்சரிப்பேன். அந்தக் கடைசிப் பயணத்துல வழி பூரா தலைவலியே இல்ல. அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுகிட்டே, "மகாராணிக்கு இன்னைக்குத் தலை எப்படி?"ன்னார். "அதிசயமா நல்லா இருக்கு"ன்னேன். "என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டதுக்குக் கண்ணடிச்சார். "தொழில் ரகசியம், சொல்ல மாட்டேன்." நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அதுல மறுபடி யோசிக்க என்ன இருக்கு? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நினைச்சுப் பாத்ததில்ல.

இவ என் வாயையே பாத்துகிட்டு நிக்கிறா. வாசம் அடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவர் வண்டியில குழாய் தொறந்துதான் இருந்துச்சுன்னு ஆயிடும். நான் தப்பிச்சுடுவேன். இவ மறுபடி வண்டிக்கு அடியில போயிடுவா. இல்லன்னு சொன்னா இவ வெளிய வந்துடுவா. அப்புறம் அந்தப் பழி என்கூடதான் இருக்கும், வேற எங்க போகும்? அவர் மேல அப்ப வந்த கோபம் இருக்கே, செத்தவர்னும் பாக்காம உலுக்கியிருப்பேன். அதே நிமிஷம் அந்தக் கண்ணடிச்ச முகத்தைப் பாக்கணும்போலயும் இருந்துச்சு.

"இல்லடி"ன்னேன். "அடிக்கவே இல்ல. வழி பூரா அடிக்கல."

"நிஜமாவா அண்ணி? எனக்காகச் சொல்லலையே?"

"உனக்காகப் பொய் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா? சத்தியமாடி. அடிக்கல."

அப்படியே தரையில உக்காந்துட்டா. குழந்தை மாதிரி வாயைத் தொறந்து அழுதா. பெரியவர் பயந்து போய்த் தண்ணி கொண்டு வந்தார். நான் அவ தலையை என் மடியில சாச்சுகிட்டேன். எண்ணெய்க் கையால என் சேலையைக் கெட்டியாப் பிடிச்சுகிட்டா.

"அப்ப நான் கயிறே போட்டிருந்தாலும்..."

"எதைப் போட்டிருந்தாலும் அதேதான்."

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கைத் துடைச்சுகிட்டே கேட்டா. "ஏன் அண்ணி அடைச்சான்? சின்ன வயசுலேர்ந்து எண்ணெய்லயே ஊறினவன். அவனுக்கு அந்த வாசம் ஒரு பொருட்டா?"

"வயசானா மூக்கும் மாறும்டி. அவருக்கே ஒத்துக்காம போச்சு"ன்னேன், அவ கண்ணைப் பாக்காம. நம்பிட்டா. நம்பணும்னு அவளுக்கு இருந்துச்சு.

அந்தக் குழாயைப் புதுசா மாத்தி, நேரா வெளிய போற மாதிரி போட்டுக் குடுத்தா. அந்தம்மாவுக்கு வாசம் வராம, பெரியவரோட உசிருக்கும் ஆபத்து வராம. அவங்க சந்தோஷமாக் கிளம்பிப் போயிட்டாங்க.

சொட்டக்கா இப்ப வேற ஆளு. மத்தியானம் சாப்பிட்டுட்டு, எந்த மூலையிலயும் முதுகைக் காட்டிப் படுத்துக் குறட்டை விடுறா. வண்டிக்கு அடியில போனா சினிமாப் பாட்டு கேக்குது. அண்ணனைப் பத்திப் பேசினா சிரிக்கிறா, அவன் சின்ன வயசுல பண்ணின கூத்தெல்லாம் சொல்றா. போன வாரம் ஒரு வண்டிக்கு சீல் போட்டுட்டு, துணியை விரிச்சு வச்சுட்டு, அவபாட்டுக்குச் சாப்பிட வந்துட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு, மிளகாய்னு சொல்லிச் சமாளிச்சேன்.

நேத்து ஒரு வண்டி வந்துச்சு. சரியான ஓட்டை வண்டி, உள்ள ஏறினா எண்ணெய் நாத்தம் ஆளைத் தூக்குது. மெத்தைக்கு அளவெடுக்கிறதுக்குள்ள எனக்கு நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்குது. இவ ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா.

"என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு? தலை வலிக்குதா? குழாயை ஏதாவது பாக்கவா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ ஒன்னையும் தொடாத"ன்னு சொல்லிட்டு, ஊசியில நூலைக் கோத்தேன்.